மலையைக் குடைந்த காற்று

கொல்லன் உலையில் துருத்தி ஊதிய நாள் முதல் மனிதன் காற்றை அழுத்தித்தான் வந்திருக்கிறான். ஆனால் துருத்தி தரும் அழுத்தம் சொற்பம். கரியைக் கனலவைக்க அது போதும். ஒரு கருவியை ஓட்டப் போதாது. 1760களில் ஸ்காட்லாந்தின் காரன் இரும்பாலைக்கு ஜான் ஸ்மீட்டன் நீர்ச்சக்கரத்தால் இயங்கும் வார்ப்பிரும்பு உருளைகளை அமைத்துக் கொடுத்தார். 1776இல் ஜான் வில்கின்சன் நீராவி எஞ்சினைக் கொண்டு ஊதுலைக்குக் காற்று செலுத்தினார். தோல் போய் இரும்பு வந்தது, பிஸ்டன் வந்தது. ஆனாலும் காற்றின் வேலை நெருப்பை வளர்ப்பதோடு நின்றது. ஓரிடத்தில் அழுத்திய காற்றைக் குழாய்வழியே பல கிலோமீட்டர் கொண்டுபோய் வேறோரிடத்தில் இயந்திரம் ஓட்டலாம் என்பதைப் பெரிய அளவில் மெய்ப்பித்தது ஆல்ப்ஸ் மலையில் வெட்டப்பட்ட ஒரு ரயில் சுரங்கம்.

மோன் செனி சுரங்கம் என்றும் ஃபிரேஜூஸ் சுரங்கம் என்றும் அதற்குப் பெயர். இன்று பிரான்ஸில் இருக்கும் மொடானையும் இத்தாலியில் இருக்கும் பார்தொனெக்கியாவையும் அது இணைக்கிறது. வேலை தொடங்கிய 1857இல் இரண்டு ஊர்களும் சார்டீனிய அரசின் கீழ் இருந்தன. நீளம் 12 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் காலத்தில் நீண்ட சுரங்கம் என்றால் மேலிருந்து நடுநடுவே கிணறுபோல் இறங்கி, பல முனைகளில் ஒரே நேரத்தில் வெட்டுவார்கள். இங்கே தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டரையும் தாண்டிய உயரத்துக்குப் பாறை. ஆகவே இரண்டு வாயில்களிலிருந்து மட்டுமே வெட்டியாக வேண்டும். உளியும் சம்மட்டியும் கொண்டு வெட்டியபோது ஒரு நாளைக்கு ஒரு மீட்டர்கூட நகரவில்லை. அந்த வேகத்தில் போனால் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டார்கள். நீராவி எஞ்சினை உள்ளே கொண்டுபோகவும் வழியில்லை. புகையும் வெக்கையும் ஆட்களைக் கொன்றுவிடும். வெடிமருந்துப் புகைக்கே அங்கு போக்கிடம் இல்லை.

ஜெனிவாவைச் சேர்ந்த பொறியாளர் தானியேல் கொலாதோன் 1852லேயே அழுத்தக் காற்றைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொல்லியிருந்தார். அதைச் செயலாக்கியவர் ஜெர்மேன் சொமெய்யே. கிராண்டிஸ், கிரத்தோனி என்ற இரு பொறியாளர்கள் அவருக்குத் துணை. எரிபொருளே வேண்டாத கம்ப்ரஸர் அவர்களுடையது. மலை ஓடையின் நீரை ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்திலிருந்து குழாயில் இறக்கினார்கள். பாய்ந்துவரும் நீர் ஓர் அறைக்குள் இருக்கும் காற்றை மோதி நெருக்கும். நெருங்கிய காற்று வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு தொட்டிக்குள் போகும். நீரை வடித்துவிட்டால் புதுக்காற்று உள்ளே வரும். மறுபடி நீர் பாயும். இப்படிக் கிடைத்த அழுத்தம் சுமார் 6 வளிமண்டலம். இன்று பஞ்சர் கடையில் ஓடும் கம்ப்ரஸரின் அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவுதான்.

1861 தொடக்கத்தில் பார்தொனெக்கியா பக்கம் காற்றுத் துளைப்பான்கள் வேலைக்கு இறங்கின. மறுபக்கத்தில் அவை ஓட மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. தண்டவாளத்தில் ஓடும் ஒரு வண்டியில் பல துளைப்பான்களைப் பூட்டிப் பாறை முகத்துக்குத் தள்ளிச் செல்வார்கள். அவை துளைகளைக் குத்தி முடித்ததும் வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, துளைகளில் வெடிமருந்து அடைத்து வெடிப்பார்கள். துளைப்பானை ஓட்டிவிட்டு வெளியேறும் காற்று அங்கேயே ஆட்களுக்கு மூச்சுக்காற்றாகவும் ஆனது. புகையை வாயில் பக்கம் தள்ளியதும் அதே காற்றுதான். வேறெந்த ஆற்றலிலும் கிடைக்காத வசதி இது. மின்சாரம் வந்த பிறகும் சுரங்கத் தொழிலாளர்கள் காற்றுக் கருவியை விடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சாதனையைப் பாராட்டும் புத்தகங்கள் பட்டறையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. துளைப்பான்கள் ஓயாமல் உடைந்தன. பாறை முகத்தில் ஓடுவதைப் போலப் பல மடங்கு எண்ணிக்கையைப் பழுதுபார்ப்பிலும் மாற்றுக்கும் வைத்திருக்க வேண்டியிருந்தது. நீர் மோதும் அதிர்ச்சியில் வால்வுகள் தேய்ந்ததால், பிற்பாடு அந்த வகைக் கம்ப்ரஸரையே கைவிட்டு, நீர்ச்சக்கரத்தால் ஓடும் பிஸ்டன் வகைக்கு மாறினார்கள். அழுத்தக் காற்றில் பராமரிப்பு என்பது தொடக்கத்திலிருந்தே பாதி வேலை. 1870 கிறிஸ்துமஸ் சமயத்தில் இரு பக்கத்து ஆட்களும் நடுவில் சந்தித்தார்கள். 1871 செப்டம்பரில் சுரங்கம் திறக்கப்பட்டது. சொமெய்யே அதைப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் முன்புதான் இறந்திருந்தார்.

காற்றை அழுத்தினால் அது சுடும். இருபது டிகிரி வெப்பத்தில் உள்ள காற்றை ஒரே மூச்சில் எட்டு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால் கணக்குப்படி 250 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். சொமெய்யேவின் கம்ப்ரஸரில் நீரே காற்றைத் தொட்டுக்கொண்டிருந்ததால் சூடு பெரிய தொல்லையாகவில்லை. ஆனால் அது மெதுவாகத்தான் ஓடும். அடுத்து 1872இல் தொடங்கிய 15 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கத்துக்கு வேகமாக ஓடும் கம்ப்ரஸர் தேவைப்பட்டது. அங்கே கொலாதோன் உருளைக்குள் நீரைத் தூவலாகப் பீச்சிச் சூட்டைத் தணித்தார். உருளையைச் சுற்றியும் நீர் ஓடவிட்டார். காற்றை இரண்டு கட்டமாக அழுத்தி, நடுவில் குளிர்விக்கும் முறை பின்னர் வழக்கமானது. பெரிய பிஸ்டன் கம்ப்ரஸர்களில் இன்றும் காணப்படும் இன்டர்கூலர் அதுவே.

சூட்டோடு சேர்ந்து வந்தது எண்ணெய். பிஸ்டனுக்கு இடும் எண்ணெய் சூட்டில் கருகி வால்விலும் வெளியேற்றுக் குழாயிலும் கரியாகப் படியும். வால்வு கசிந்து சூடு இன்னும் ஏறினால் அந்தக் கரி தீப்பிடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுரங்கங்களில் காற்றுக் குழாயும் தொட்டியும் வெடித்த விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றாமல், எளிதில் தீப்பிடிக்காத கம்ப்ரஸர் ஆயிலையே அளவாக இட வேண்டும், வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும் என்ற விதிகள் அந்த விபத்துகளிலிருந்து எழுந்தவை.

மலையில் கற்ற பாடம் பிறகு நகரத்துக்கு வந்தது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த விக்டர் பாப் 1880இல் பாரிஸ் நகரக் கடிகாரங்களைக் காற்றால் ஓட்டத் தொடங்கினார். மைய நிலையத்திலிருந்து நிமிடத்துக்கு ஒரு முறை குழாயில் காற்றுத் துடிப்பு ஒன்று வரும். தெருவிலும் ஓட்டலிலும் வீட்டிலும் இருக்கும் கடிகார முட்கள் ஒரு நிமிடம் நகரும். 1910 ஜனவரியில் செய்ன் ஆறு பெருக்கெடுத்து நிலையத்துக்குள் புகுந்தபோது நகரத்துக் காற்றுக் கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. ஆனால் பாப்புக்குக் கடிகாரம் முன்னோட்டம்தான். 1880களிலேயே அவர் அதிக அழுத்தக் காற்றைச் சிறு பட்டறைகளுக்கு மீட்டர் வைத்து விற்க ஆரம்பித்துவிட்டார். தையல் கடை, அச்சகம், கடைசல் பட்டறை, லிஃப்ட், பல் மருத்துவரின் துளைக்கருவி என்று வாடிக்கையாளர்கள் பெருகினார்கள். நீராவி எஞ்சின் வைக்க இடமோ பணமோ இல்லாதவர்கள் அவர்கள். குழாய்கள் பெரும்பாலும் பாரிஸின் புகழ்பெற்ற பாதாளச் சாக்கடைகள் வழியே சென்றன.

பாரிஸில் தொல்லை கொடுத்தது சூடு அல்ல, குளிர். காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. அழுத்திய காற்று ஆறும்போது அந்த ஈரம் நீராகிக் குழாயின் தாழ்ந்த இடங்களில் தேங்கும். மோட்டாரில் காற்று விரியும்போது மேலும் குளிர்ந்து, மிஞ்சிய ஈரம் வெளியேற்று வாயில் பனிக்கட்டியாக உறைந்து அடைத்துவிடும். அதனால் குழாய்ப் பாதையில் நீரை வடிக்கும் அமைப்புகளை வைத்தார்கள். மோட்டாருக்குச் சற்று முன்னால் சிறு இரும்பு அடுப்பு ஒன்றை வைத்துக் காற்றைச் சூடாக்கினார்கள். அடுப்புக்குச் செலவான கரி சொற்பம். மோட்டாரிலிருந்து கிடைத்த வேலையோ கணிசமாகக் கூடியது. கம்ப்ரஸரில் சூட்டைப் பணம் செலவழித்துத் தணித்துவிட்டு, மோட்டாரில் மறுபடி பணம் கொடுத்துச் சூடாக்குவது வேடிக்கைதான். அழுத்தக் காற்றின் அடிப்படைப் பலவீனம் அங்கே இருக்கிறது.

மின் மோட்டார் வந்ததும் பாரிஸ் காற்று ஒழிந்துவிடும் என்றுதான் எவரும் எண்ணியிருப்பார்கள். அப்படி நடக்கவில்லை. கடிகாரங்கள் 1927இல் நின்றன. ஆற்றல் வழங்கிய குழாய்ப் பின்னலோ 1994 வரை ஓடியது. 1891இல் கட்டிய கம்ப்ரஸர் கூடம் இன்று ஒரு கட்டடக்கலைக் கல்லூரியின் பகுதியாக நிற்கிறது.

சுரங்கத் துளைப்பானுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. 1890களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜார்ஜ் லைனர் துளைக் கம்பியின் நடுவே ஓட்டையிட்டு, அதன் வழியே காற்றைச் செலுத்திப் பாறைத்தூளை ஊதித் தள்ளும் துளைப்பானைச் செய்தார். வேகம் கூடியது, ஆனால் தூசி சகிக்க முடியாததாகித் தொழிலாளர்கள் அதைத் தொட மறுத்தார்கள். பிறகே காற்றோடு நீரையும் செலுத்தினார். தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் அதற்குள் எத்தனையோ குடும்பங்களை அழித்திருந்தது. உலர்ந்து துளைக்கும் கருவிக்கு அமெரிக்கச் சுரங்கங்களில் விதவையாக்கி என்றே பட்டப்பெயர் விழுந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலும் இந்த நோய்க்கு விலக்கல்ல.

தமிழ்நாட்டில் அழுத்தக் காற்று அதிகம் கைகொடுத்தது நீருக்கு. முதலில் டிராக்டரில் ஏற்றிய கம்ப்ரஸரும் ஜாக்ஹாமரும் வந்து, கிணறு வெட்டில் கைத்தமரை ஓரங்கட்டின. அடுத்தது ஆழ்துளைக் கிணறு. துளைக்குள்ளேயே இறங்கிப் போய் முனையில் நின்று அடிக்கும் சுத்தியல் 1950களில் உருவானது. 1967இல் வட இந்திய வறட்சியின்போது யுனிசெஃப் அத்தகைய துளைவண்டிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கடும்பாறையில் வாரக்கணக்கில் ஆன வேலை ஓரிரு நாளில் முடிந்தது. பிற்பாடு திருச்செங்கோடு வட்டாரம் இத்தொழிலின் தலைநகரானது. அங்கத்திய ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. ஃபிரேஜூஸில் 6 வளிமண்டலமாக இருந்த அழுத்தம் இந்த வண்டிகளில் இருபதைத் தாண்டும். சுத்தியலை அடித்துவிட்டு வெளியேறும் காற்றே பாறைத்தூளை மேலே கொண்டுவந்து கொட்டுகிறது. அந்தத் தூசி முழுவதும் பக்கத்தில் நிற்கும் ஆளின் மூக்கில் ஏறுவதைப் பார்த்தால், லைனரின் பாடம் நம் ஊருக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கொங்கு நாட்டில் தண்ணீர் குறைந்த போர்வெல்களில் கம்ப்ரஸர் வைத்தே நீர் இறைப்பார்கள். மெல்லிய குழாயில் காற்று கீழே போகிறது. குமிழி கலந்து எடை குறைந்த நீர் பெரிய குழாயில் மேலேறுகிறது. 1797இல் சாக்சனியில் கார்ல் லோஷர் கண்ட முறை இது. மின்சாரத்தை அதிகம் தின்னும். ஆனால் துளைக்குள் சுழலும் பாகம் ஒன்றும் இல்லாததால் மணல் வந்தாலும், நீர் வற்றினாலும் எரிந்துபோக எதுவும் இல்லை. சப்மெர்சிபிள் மோட்டாரைத் திரும்பத் திரும்பக் கட்டிச் சலித்தவர்கள் அறிந்தே எடுக்கும் முடிவு அது. 1960இல் கோவையில் தொடங்கிய எல்ஜி நிறுவனம் கம்ப்ரஸரில் உலகளவில் பெயர் பெற்றது. பம்பு, நூற்பாலை, பட்டறை என்று சுற்றிலும் வாடிக்கையாளர்கள் நிறைந்த ஊர் அது.

தொழிற்சாலைகளில் பிஸ்டனின் இடத்தை இன்று பெரும்பாலும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் பிடித்துவிட்டது. 1878இல் ஜெர்மனியின் ஹைன்ரிஷ் கிரிகார் காப்புரிமை பெற்ற எண்ணம் அது; 1930களில் ஸ்வீடனின் ஆல்ஃப் லிஷோல்ம் அதற்கு உருக்கொடுத்தார். சுழலும் திருகுகளுக்கு நடுவே எண்ணெய் பீச்சுவதால் சூடு அங்கேயே தணிகிறது. எண்ணெயையும் ஃபில்டரையும் நேரத்துக்கு மாற்றாவிட்டால் இதுவும் கருகும். இயந்திரம் மாறினாலும் கவனிக்க வேண்டியவை மாறவில்லை: காற்று உறிஞ்சும் இடம் தூசியின்றி இருக்க வேண்டும், தொட்டியின் அடிக் குழாயைத் திறந்து நாள்தோறும் தண்ணீரை வடிக்க வேண்டும், பாதுகாப்பு வால்வு பிடித்துக்கொள்ளாமல் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கிய தொட்டி உள்ளிருந்து துருப்பிடித்து மெலிவது வெளியில் தெரியாது. அழுத்தக் கலன்களைப் பற்றி 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவு தனியாகவே பேசியது.

கசிவைக் கண்டுபிடிக்க இன்றும் சோப்பு நுரையே பட்டறைகளில் நம்பப்படும் வழி. இணைப்பில் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். 7 பார் அழுத்தக் குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால், அதன் வழியே போகும் காற்றை ஈடுகட்ட மட்டும் கம்ப்ரஸர் மூன்று கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். இரவு பகலாக ஓடும் ஆலையில் அது ஒரு நாளைக்கு எழுபது, எண்பது யூனிட்.