ஒட்டுத் திருத்தங்களின் வரலாறு: இணைய வழங்கிகளும் அவற்றின் பராமரிப்பாளரும்

கணினியின் வரலாற்றை எழுதுவோர் பொறிகளைப் பற்றியும் அவற்றைக் கண்டுபிடித்தோர் பற்றியும் விரிவாகக் கூறுவர். அப்பொறிகளை அன்றாடம் இயக்கிப் பேணியோர் தம் வேலையை எளிதாக்க எழுதிய சிறுநிரல்களும் அமைவுக் குறிப்புகளும் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. ஆயினும், இணையப் பக்கங்களைக் கேட்போருக்கு அனுப்பும் வழங்கிகளின் வளர்ச்சியை நோக்கின், அதன் முக்கிய திருப்பமொன்று இத்தகைய சிறு ஆக்கங்களிலேயே தங்கியிருந்தமை புலனாகும். அவற்றைப் பகிர்ந்துகொண்டதால் விளைந்த பயனையும் இடரையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மரபின் வேர் இணையத்துக்கு முற்பட்டது. 1969 இல் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் இயங்குதளத்தில், 1973 இல் டக்ளஸ் மக்கில்றோயின் எண்ணப்படி ‘குழாய்’ முறை சேர்க்கப்பட்டது. ஒரு நிரலின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாகப் பாய்வதற்கு இது வழிசெய்தது. எந்தப் பக்கம் எத்தனை முறை கேட்கப்பட்டது என அறிய விரும்பும் பராமரிப்பாளர், பதிவுக் கோப்பின் வரிகளைப் பிரித்தல், வரிசைப்படுத்தல், ஒத்தவற்றை எண்ணல் ஆகிய தொழில்களைச் செய்யும் சிறு கருவிகளை ஒரே வரியிற் கோத்தாற் போதும். அவ்வரியைக் கோப்பாகச் சேமித்தால் அதுவே புதியதொரு கருவியாகும். 1987 இல் லறி வோல் வெளியிட்ட பேர்ள் மொழி இவ்வகை வேலைகளை மேலும் இலகுவாக்கியது.

1990 இன் இறுதியில், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீ முதலாவது இணைய வழங்கியை இயக்கினார். பின்னர் அமெரிக்காவின் இலினோய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மீக்கணினிப் பயன்பாட்டு நிலையத்தில் றொப் மக்கூல் எழுதிய வழங்கி நிரல் பரவலாக வழக்கில் வந்தது. 1994 இன் நடுப்பகுதியில் அவர் அந்நிலையத்தைவிட்டு நீங்கவே, நிரலின் வளர்ச்சி தடைப்பட்டது. பயன்படுத்தியோரின் தேவைகளோ பெருகிக்கொண்டேயிருந்தன. மூலநிரல் கையிலிருந்தமையால், பராமரிப்பாளர் பலர் தத்தம் வழங்கிகளின் குறைகளைத் தாமே திருத்திக்கொண்டனர். ஒருவர் தீர்த்த சிக்கலோடு மற்றொருவர் தனியே போராடும் நிலையும் இதனால் உண்டாயிற்று.

1995 பெப்ரவரியில் பிறையன் பெலன்டோர்ஃப் முதலிய எண்மர் இச்சிதறிய திருத்தங்களை ஒன்றுதிரட்ட முற்பட்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் அவர்களது முதலாவது பொது வெளியீடு ‘அப்பாச்சி’ என்னும் பெயருடன் வந்தது. அமெரிக்கப் பழங்குடியொன்றின் மீதுள்ள மதிப்பினாலேயே அப்பெயர் தெரிந்தெடுக்கப்பட்டதென்பர். ஒட்டுப்போட்டது எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு அது ஒலியால் ஒத்திருப்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. றொபேட் தோ வகுத்த புதிய கட்டமைப்பு, மூலத்தைச் சிதைக்காது வேண்டிய கூறுகளைச் சேர்க்க இடமளித்தது. 1995 டிசம்பர் 1 ஆம் திகதி 1.0 பதிப்பு வெளியாயிற்று. 1996 ஏப்ரலளவில் அதுவே இணையத்தில் மிகுதியாக வழங்கும் வழங்கி நிரலாயிற்று. எந்த நிறுவனத்தின் கூலிக் கட்டளையுமின்றி, தொலைவிலிருந்தோரின் கூட்டுழைப்பால் இது நிகழ்ந்தது.

எனினும் இப்பகிர்வுக்கு மறுபக்கமுமுண்டு. இணையப் படிவத்தில் எழுதப்பட்டதை மின்னஞ்சலாக அனுப்பும் ‘ஃபோம்மெயில்’ என்னும் பேர்ள் சிறுநிரல் 1990களின் பிற்பாதியில் எண்ணற்ற தளங்களிற் பிரதிசெய்யப்பட்டது. அஞ்சலைப் பெறுவோர் யாரென்பதை அது போதியளவு கட்டுப்படுத்தாமையால், விளம்பர அஞ்சல் பரப்புவோர் பிறருடைய வழங்கிகளைத் தம் கருவியாக்கினர். 2014 செப்டெம்பரில் வெளிப்பட்ட ‘ஷெல்ஷொக்’ வழு இதனினும் பாரதூரமானது. சிறுநிரல்களை இயக்கும் ‘பாஷ்’ என்னும் கட்டளை மொழிபெயர்ப்பி, சூழல் மாறியொன்றில் வரும் செயற்கூற்று வரையறையின் பின் ஒட்டியிருந்த கட்டளைகளையும் நிறைவேற்றியது. இணையக் கோரிக்கையின் தலைப்புவரிகள் சூழல் மாறிகளாக அச்சிறுநிரல்களுக்குக் கையளிக்கப்படுவதால், தொலைவிலுள்ள அந்நியரும் வழங்கியை ஏவமுடிந்தது. 1989 இல் நுழைந்த இவ்வழு, மூலநிரல் யாவருக்கும் திறந்திருந்தும், கால் நூற்றாண்டு காலம் கவனிக்கப்படாதிருந்தது. முதலாவது திருத்தம் போதாமையால் மேலும் திருத்தங்கள் தேவைப்பட்டன.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அப்பாச்சியின் தோற்றத்தோடு ஒப்புநோக்கின் ஓருண்மை தெளிவாகும். மூன்றிலும் நிரல் பொதுவிலேயே கிடைத்தது. அப்பாச்சியை உருவாக்கியோர் தாம் பெற்றதை வாசித்தனர், குறைகண்டு திருத்தினர், திருத்தியதை மீள அளித்தனர். ஃபோம்மெயிலைப் பிரதிசெய்தோருட் பலர் பெறுவதோடு நின்றனர். திறந்திருக்கும் நூலைப் படிப்பாரில்லையெனின், பூட்டிய நூலுக்கும் அதற்கும் வேறுபாடு சிறிதேயாகும். பொதுவுடைமையான அறிவு, அதனைப் பெறுவோர் ஒவ்வொருவர்மீதும் அதனைப் பேணும் கடமையையும் சுமத்துகின்றது. வழங்கிகளைக் காத்துநிற்கும் பெயரறியாப் பராமரிப்பாளரின் வரலாறு உணர்த்துவது இதுவேயாகும்.