வைகுந்தம் டோல்கேட்டில் ரெண்டு மடங்கு

சேலம் – கோயம்புத்தூர் ரோட்டுல, சங்ககிரிக்குப் பக்கத்துல வைகுந்தம் டோல்கேட் இருக்கு. சங்ககிரி லாரி ஊர். ஜனங்க ஏன் டிஜிட்டல் பேமென்ட்டுக்கு மாறுறாங்கங்கிற கேள்விக்கு, நான் டீக்கடை கியூஆர் கோடை விட்டுட்டு இந்த டோல்கேட்டைத்தான் பார்ப்பேன்.

2016 நவம்பர் 8. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஒரே ராத்திரியில் முடங்குச்சு. லாரி டிரைவர் கிளம்பும்போதே டீசல், டோல், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, சாப்பாடுன்னு ரொக்கத்தைக் கையில வாங்கிட்டுப் போறவர். நடுவழியில கையில இருந்த நோட்டு செல்லாமப் போச்சு. டிசம்பர் 2 வரைக்கும் தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்கமே வாங்கலை.

அவ்வளவு பெரிய அடிக்கு அப்புறம் எல்லாரும் மாறியிருக்கணும், இல்லையா? மாறலை. ஃபாஸ்டேக் அப்பவே இருந்தது. 2016-17ல் டோலுக்கு 10 சதவீதம் கேஷ்பேக்கும் கிடைச்சது. ஆனா 2018 தொடக்கத்துக்குள்ள ரொக்கப் புழக்கம் பழைய அளவுக்கே வந்துடுச்சு. ஃபாஸ்டேக் கட்டாயம்னு சொன்ன தேதியும் தள்ளித் தள்ளிப் போச்சு. கடைசியா 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு: ஸ்டிக்கர் இல்லையா, ரெண்டு மடங்கு கட்டு. அதுக்கப்புறம்தான் ரொக்க லேன் காலியாச்சு.

ஆப் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஸ்கிரீன் அழகா இருந்தா ஆள் வருவாங்கன்னு நம்பினவன், அதனால சொல்றதுக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு: அபராதம்தான் வேலை செஞ்சது.

ஆனா அபராதம் மட்டும் இல்லை. எண்ணெய் நிறுவனங்களோட டீசல் கார்டு 2000களின் தொடக்கத்திலேயே வந்தாச்சு. யாரும் மிரட்டாமலே பல ஓனர்கள் அதை வாங்கினாங்க. காரணம், எந்த பங்க்ல எவ்வளவு அடிச்சாங்கன்னு ஆபீஸ்ல உட்கார்ந்தே பார்க்கலாம். ஃபாஸ்டேக்கும் அப்படித்தான். வண்டி வைகுந்தத்தைத் தாண்டினதும் எஸ்எம்எஸ் வருது, டேக்கில் பதிவான நம்பருக்கு. பெரும்பாலும் அது ஓனர் நம்பர். பணம் யாரோடதோ அவருக்கு லாபம். டிரைவருக்கு என்ன? கையில இருந்த ரொக்கம் குறைஞ்சது. அவசரத்துக்குத் திருப்பிக்க இருந்த கொஞ்சம் பணமும் அதோட போச்சு. இதை யாரும் அவர்கிட்ட கேட்டு முடிவு பண்ணலை.

2025 நவம்பர் 15லிருந்து விதி இன்னும் நுணுக்கமாச்சு: செல்லுபடியாகும் டேக் இல்லாம வந்தா ரொக்கத்துக்கு 2 மடங்கு, யுபிஐக்கு 1.25 மடங்குன்னு வச்சாங்க. அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டா, போன்ல யுபிஐ வச்சிருந்த டிரைவருக்கு லேன்லயே போனை எடுக்கக் காரணம் இருந்தது. டோலைத் தாண்டி லோடு இறக்குற இடத்துல மட்டும், கூலிக்காரர் இன்னமும் கையைத்தான் நீட்டுறார்.