பேர் வெட்டிய துப்பாக்கி

சிங்கர் என்றால் நம் வயதுக்காரர்களுக்குத் தையல் மெஷின்தான். கறுப்பு உடம்பு, தங்க நிற எழுத்து, காலால் மிதிக்கும் இரும்புப் பலகை. அதே சிங்கர் கம்பெனி 1941-ல் அமெரிக்க ராணுவத்துக்கு 500 கைத்துப்பாக்கிகள் செய்து கொடுத்தது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. அந்த 500-ஓடு நிறுத்திவிட்டார்கள். இன்று அதில் ஒன்று நல்ல நிலையில் ஏலத்துக்கு வந்தால் விலை லட்சம் டாலரைத் தாண்டுவது உண்டு.

நான் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கியைப் பார்த்தால் மற்றவர்களுக்குச் சுடத் தோன்றும். எனக்கு எங்கே முத்திரை குத்தியிருக்கிறது என்று தேடத்தான் தோன்றும். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் மோரோ வீரர்களோடு சண்டையிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள், .38 ரிவால்வர் குண்டு பட்டும் எதிரி விழாமல் ஓடி வருகிறான் என்று புகார் சொன்னார்கள். 1904-ல் சோதனைகள் செய்து, இனி .45-க்குக் குறையக் கூடாது என்று முடிவெடுத்தது ராணுவம். ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து, கோல்ட் கம்பெனி செய்த துப்பாக்கி 1911 மார்ச்சில் கடைசிச் சோதனைக்கு வந்தது. 6,000 குண்டுகள் சுட வேண்டும். நூறு சுட்டதும் சற்று ஆறவிடுவார்கள். ஆயிரத்துக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் போடுவார்கள். கோல்ட் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. போட்டிக்கு வந்த சாவேஜ் 37 தடவை தடுமாறியது. அந்த மாதம் 29-ஆம் தேதி ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. பெயர் எம்.1911.

முதல் உலகப் போரில் பட்ட அனுபவத்தை வைத்து 1920-களில் சில மாற்றங்கள் செய்தார்கள். அதுதான் எம்.1911ஏ1. இரண்டையும் பிரித்தறிய நிபுணராக இருக்கத் தேவையில்லை. புதியதில் விசை குட்டை. விசைக்குப் பின்னால் சட்டத்தில் இரு பக்கமும் விரல் பதியக் குடைந்திருப்பார்கள். கைப்பிடியின் பின்புறம் பழையதில் நேராக இருக்கும், புதியதில் உள்ளங்கைக்கு ஏற்றபடி வளைந்திருக்கும். மேலே பெருவிரல் கவட்டையில் உட்காரும் வால் நீண்டிருக்கும். நிறமும் ஓரளவு சொல்லும். பழையவை நீலக் கறுப்பு. இரண்டாம் போர்க் காலத்தவை பாஸ்பேட் பூச்சு போட்ட மங்கிய சாம்பல் பச்சை.

அடுத்தது எழுத்து. ராணுவத்துக்குப் போனதில் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ப்ராப்பர்ட்டி' என்று சட்டத்தில் குத்தியிருக்கும். கோல்ட் கம்பெனி தனியாருக்கு விற்றதில் வரிசை எண்ணோடு 'சி' என்ற எழுத்து சேரும். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தனியார் ரகத்துக்குத்தான் 'கவர்ன்மென்ட் மாடல்' என்று பெயர்! பெயரைப் பார்த்து அரசாங்கத் துப்பாக்கி என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. இன்னொரு குழப்பம் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி. அரசின் பழம்பெரும் ஆயுதச்சாலை அது, 1968-ல் மூடிவிட்டார்கள். பிறகு ஒரு தனியார் கம்பெனி அதே பெயரை எடுத்துக்கொண்டு, 'மில்-ஸ்பெக்' என்று ராணுவச் சாயலில் 1911-களைச் செய்து விற்கிறது. நல்ல துப்பாக்கிதான். ஆனால் எந்த ராணுவக் கிடங்கையும் பார்த்ததில்லை.

இரண்டாம் போர் வந்தபோது கோல்ட் மட்டும் செய்து கட்டுப்படியாகவில்லை. டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்ட் 8 லட்சத்துக்கும் மேல் செய்தது. வேட்டைத் துப்பாக்கி செய்த இத்தாக்கா 3 லட்சத்துக்கும் மேல். ரயில்வே சிக்னல் செய்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் 55,000. சிங்கரின் 500 ஒரு பயிற்சி ஆர்டர்தான். இதைவிட நுட்பமான வேலைக்கு அந்தக் கம்பெனி வேண்டும் என்று, விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் குறி கணக்கிடும் கருவி செய்ய அனுப்பிவிட்டார்கள்.

ஒவ்வொன்றிலும் பரிசோதகரின் முதலெழுத்து இருக்கும். கோல்ட்டில் ஜி.எச்.டி. என்றால் கை ட்ரூரி. ரெமிங்டன் ராண்டில் எஃப்.ஜே.ஏ. என்றால் ஃபிராங்க் அட்வுட். இவர்கள் ராணுவத்தின் சார்பில் சரக்கை ஏற்றுக்கொண்ட அதிகாரிகள். லட்சக்கணக்கான துப்பாக்கிகளையும் அவர்களே கையில் எடுத்துப் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் பொறுப்பு அந்த மூன்றெழுத்துக்குத்தான். அந்த மாதிரி ஒரு முத்திரைக்குக் கீழே வேலை பார்த்தவனுக்கு அதன் கனம் தெரியும்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். ராணுவம் இத்தனை கம்பெனிகளுக்கும் போட்ட முக்கியமான நிபந்தனை: எவன் செய்த உறுப்பும் எவன் செய்த துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும். வெவ்வேறு கம்பெனித் துப்பாக்கிகளைப் பிரித்துப் போட்டு, உறுப்புகளைக் கலந்து, திரும்பப் பூட்டிச் சுட்டுப் பார்த்தார்கள். போர்முனையில் அது பெரிய வரம். போருக்குப் பிறகு கிடங்குகளில் பழைய துப்பாக்கிகளைக் கழற்றி, நல்ல உறுப்புகளைப் பொறுக்கிச் சேர்த்து, புதுப் பூச்சு போட்டு மறுபடி அனுப்பினார்கள். 1985-ல் பெரெட்டா வரும்வரை அப்படியே ஓடியது.

சிப்பாய்க்கு வரமாக இருந்தது சேகரிப்பவருக்குத் தலைவலியானது. வரிசை எண் சட்டத்தில் மட்டும்தான். மேலே ஓடும் ஸ்லைடு வேறு கம்பெனியாக இருக்கலாம், குழல் மூன்றாவது கம்பெனியாக இருக்கலாம். சந்தையில் எல்லாம் ஒரே கம்பெனியாக, முதல் பூச்சோடு இருப்பதற்குத்தான் விலை. கலந்ததற்கு மதிப்பு குறைவு. அதனால் சிலர் 'சரியான' உறுப்பைத் தேடி வாங்கி மாற்றிப் பூட்டுகிறார்கள். இன்னும் சிலர் முத்திரையையே புதிதாகக் குத்துகிறார்கள்.

மகன் வீட்டுக்கு பிட்ஸ்பர்க் போயிருந்தபோது அடுத்த வீட்டுக்காரர், எழுபதைத் தாண்டியவர், என் பழைய வேலையைக் கேள்விப்பட்டு தன் அப்பாவின் 1911ஏ1-ஐக் காட்டினார். நம் ஊரில் இதெல்லாம் நடக்காது. .45-ம் 9 மில்லிமீட்டரும் தடை செய்யப்பட்ட ரகம், லைசென்ஸ் கிடைத்தாலும்.32 மாதிரிதான். அங்கே வீட்டு அலமாரியில் இருக்கிறது. மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, அறை காலி என்று இருவரும் பார்த்த பிறகு கையில் வாங்கினேன்.

அப்பா 1945-ல் ஜெர்மனியிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்தது என்பது வீட்டில் சொல்லிவந்த கதை. சட்டம் ரெமிங்டன் ராண்ட், எஃப்.ஜே.ஏ. முத்திரையோடு. ஸ்லைடு கோல்ட். சட்டத்தில் இன்னொரு சின்ன முத்திரை: ஆர்.ஐ.ஏ. ராக் ஐலண்ட் ஆர்சனல். போருக்குப் பிறகு அங்கே புதுப்பித்தவற்றில் குத்திய முத்திரை அது. அப்படியானால் 1945-ல் இது யார் பையிலும் வந்திருக்க முடியாது. அரசாங்கக் கிடங்கில்தான் இருந்திருக்கிறது.

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் பரிசோதகன் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விடக் கூடாது. சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்பா அப்படிச் சொன்னதே இல்லை. நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம்" என்றார் கடைசியில். இரண்டு நாள் கழித்து, அப்பாவின் பழைய கடிதப் பெட்டியில் கிடைத்த ஒரு தாளோடு வந்தார். 1960-களில் ராணுவம் தன் பழைய இருப்பைத் துப்பாக்கி சுடும் சங்க உறுப்பினர்களுக்கு விற்றபோது, அப்பா பணம் கட்டி வாங்கிய ரசீது.

அப்பா போருக்குப் போனது பொய்யில்லை. அதற்கான சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. கொண்டு போன துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர், பதினைந்து இருபது வருஷம் கழித்து அதே ரகம் ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கியிருக்கிறார். ஏன் என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. திருடிக்கொண்டு வந்த கதையைவிட இது எனக்குக் கனமாகப் பட்டது.

பேரன் ஒரு யோசனை வைத்திருந்தான். ரெமிங்டன் ராண்ட் ஸ்லைடு ஒன்று வாங்கிப் பூட்டி, புதுப் பூச்சு போட்டால் நல்ல விலை போகுமாம். என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். நம் ஊர்ப் பித்தளைப் பாத்திரங்களைப் பற்றிச் சொன்னேன். அம்மா சீராகக் கொண்டு வந்த குடத்தில் தாத்தா பேர் வெட்டியிருக்கும். அடி ஓட்டையாகிப் பற்றவைத்திருக்கும். அந்தப் பற்று அசிங்கம் என்று பழைய பாத்திரக்காரனிடம் போட்டுப் புதுசு வாங்கினால் குடம் கிடைக்கும், தாத்தா பேர் போய்விடும்.

முதல் பூச்சு அழியாமல், எல்லா உறுப்பும் ஒரே கம்பெனியாக இருக்கும் துப்பாக்கி பெரும்பாலும் அதிகம் உழைக்காத துப்பாக்கி. கலந்து கிடப்பதுதான் தேய்ந்து, கழன்று, பழுது பார்க்கப்பட்டு, மறுபடி வேலைக்குப் போனது. சந்தை முதலாவதற்கு விலை வைக்கட்டும். இரண்டாவதை 'திருத்துவது' ஒருவருடைய சர்வீஸ் புத்தகத்தில் பக்கத்தைக் கிழிப்பது மாதிரி.

பேரன் ஸ்லைடு வாங்கவில்லை. ரசீதைக் கண்ணாடி போட்டு, சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று மகன் போனில் சொன்னான்.