நீல் டெய்லர்: கொல்கத்தா தாயின் மகன், வேல்ஸின் இடது பின்களம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போய் ஒரு கோர்வைப் புடவை தறியில் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். நெய்பவர் ஒருவர், பக்கத்தில் துணைக்கு இன்னொருவர். நாடா மட்டும் மூன்று. இரண்டு நிறமும் சேரும் இடத்தில் இழையோடு இழை கோத்துக்கொள்ளும். புடவை நைந்தாலும் கரை பிரியாது என்று கடைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது முந்தானையைத்தான். கோர்வையை யாரும் பார்ப்பதில்லை. அது விட்டுப்போனால் மட்டும் எல்லோரும் பார்ப்பார்கள்!

கால்பந்தில் பின்கள வீரரின் நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான். கோல் போடுகிறவரின் பெயர் சின்னப் பையன்களுக்குக்கூடத் தெரியும். தொண்ணூறு நிமிடமும் எதிரணியைத் தடுத்தவரின் பெயர் தெரியாது. அவர் தடுக்கத் தவறிய அந்த ஒரு நிமிடம் மட்டும் தெரியும். அந்தப் பின்கள வீரருக்கு இரண்டு நாட்டு வேரும் இருந்துவிட்டால்? இரண்டு நாட்டுக்காரர்களும் கோல் அடித்த நாளில் "நம்ம பையன்" என்பார்கள். தவறு செய்த நாளில்?

இதற்கு நல்ல உதாரணம் நீல் டெய்லர். வேல்ஸ் நாட்டுக்காக 43 ஆட்டங்கள் ஆடிய இடது பின்கள வீரர். அப்பா வேல்ஸ்காரர். அம்மா கொல்கத்தாவைச் சேர்ந்த வங்காளி.

15 வயதில் வந்த முதல் தோல்வி

டெய்லர் 1989 பிப்ரவரி 7-ஆம் தேதி வட வேல்ஸில் செயின்ட் அசாஃப் என்ற ஊரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே மான்செஸ்டர் சிட்டியின் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. அங்கே சேர்வது பெரிய விஷயம் என்றால், தங்கி நிற்பது அதைவிடப் பெரிய விஷயம். வருடாவருடம் பையன்களைக் கழித்துக்கட்டிக்கொண்டே வருவார்கள். டெய்லரையும் 15 வயதில் அனுப்பிவிட்டார்கள். நம்மூரில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் வயது அது.

அவர் போய்ச் சேர்ந்தது வீட்டுப் பக்கத்து கிளப்பான ரெக்ஸம். இன்று ஹாலிவுட் நடிகர்கள் வாங்கியதால் உலகம் முழுக்கத் தெரிந்த கிளப். அன்றைக்கு அப்படி இல்லை. 1921 முதல் இங்கிலாந்து லீக்கில் ஆடிவந்த ரெக்ஸம், 2008-இல் லீக்கை விட்டே கீழே இறங்கியது. டெய்லர் பெரியவர்கள் அணியில் காலூன்றிய காலம் அதுதான். ஐந்தாம் நிலை ஆட்டங்களுக்குப் பெரிய வெளிச்சம் கிடையாது. இருந்தும் அங்கிருந்தே 2010 மே மாதம் குரோஷியாவுக்கு எதிராக வேல்ஸ் அணியில் முதன்முறையாக இறங்கினார். அதே கோடையில் ஸ்வான்சீ சிட்டி அவரை எடுத்துக்கொண்டது.

முதல் நிமிடத்தில் சிவப்பு அட்டை

2011-இல் ஸ்வான்சீ, பிரீமியர் லீக் வாசலில் நின்றது. இரண்டாம் நிலைப் பிரிவில் முதல் இரண்டு இடம் பிடிக்கிற அணிகள் நேராக மேலே போய்விடும். அன்றைய விதிப்படி மூன்றாவது இடத்திலிருந்து ஆறாவது வரை வந்த நான்கு அணிகள் மீதமுள்ள ஓர் இடத்துக்காகத் தங்களுக்குள் மோத வேண்டியிருந்தது. வென்றால் கோடிக்கணக்கில் பணம், தோற்றால் மறுபடி முதலிலிருந்து. அவ்வளவு முக்கியமான அரையிறுதியின் முதல் ஆட்டம், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் மைதானத்தில். ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பந்துக்காக டெய்லர் உயரத் தூக்கிய கால் எதிரணி வீரர் மேல் பட்டது. நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டிவிட்டார்!

மீதி ஆட்டம் முழுவதும் பத்துப் பேருடன் ஆடி 0-0 என்று காப்பாற்றிக்கொண்டது ஸ்வான்சீ. அடுத்த ஆட்டத்தை 3-1 என்று வென்றது. மே 30-ஆம் தேதி வெம்பிளியில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரெடிங் அணியை 4-2 என்று தோற்கடித்து, பிரீமியர் லீக்கில் நுழைந்த முதல் வேல்ஸ் கிளப் என்ற பெருமையைப் பெற்றது. ஆனால் அந்த இறுதி ஆட்டத்தில் டெய்லர் இல்லை. வருடம் முழுக்க உழைத்தவர், ஊரே கொண்டாடிய நாளில் தடை காரணமாக வெளியே இருந்தார்.

அணி மட்டும் அவரைக் கைவிடவில்லை. அடுத்த சீசனில் இடது பின்களம் அவருக்கே கிடைத்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ரயன் கிக்ஸ் தலைமையில் ஆடிய பிரிட்டன் அணியிலும் இடம் பிடித்தார். 1960 ரோம் ஒலிம்பிக்குக்குப் பிறகு கால்பந்தில் பிரிட்டன் ஆடிய ஒலிம்பிக் அதுதான். இந்தியா கடைசியாக ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியதும் அதே ரோமில்தான். அவருடைய தந்தை நாடு இருந்த அணி 52 வருடம் கழித்துத் திரும்பி வந்தது. தாய்நாடு இன்னும் வரவில்லை. பிரிட்டன் கால் இறுதியில் தென் கொரியாவிடம் பெனால்டியில் தோற்றது.

ஒலிம்பிக் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2012 செப்டம்பர் 1, சண்டர்லாந்துடன் ஆட்டம். டெய்லரின் கணுக்கால் உடைந்து இடம் பெயர்ந்தது. அந்த சீசனின் பெரும்பகுதி போயிற்று. 2013 பிப்ரவரியில் ஸ்வான்சீ லீக் கோப்பையை வென்றபோதும் அவர் வெளியேதான். அவருடைய இடத்தில் இறங்கிய பென் டேவிஸ் என்ற இளைஞர் மிகப் பிரமாதமாக ஆடி, பின்னாளில் டாட்டன்ஹாம் வரை போனார். ஒருவருக்கு அடிபட்டால் இன்னொருவருக்கு வழி திறக்கும். விளையாட்டில் இதுவும் உண்டு.

டூலூஸ் இரவு

1958 உலகக் கோப்பைக்குப் பிறகு வேல்ஸ் எந்தப் பெரிய போட்டிக்கும் தகுதி பெற்றதில்லை. அந்தக் குறை 2016 யூரோ கோப்பையில் தீர்ந்தது. டெய்லர் இடது ஓரத்தில், அவர் இடத்தைப் பிடித்த அதே பென் டேவிஸ் அவருக்குப் பக்கத்தில். இருவரும் ஒரே அணியில்!

ஜூன் 20, டூலூஸ் நகரம், எதிரணி ரஷ்யா. 20-ஆவது நிமிடத்தில் பெனால்டி பகுதிக்குள் பந்து டெய்லரிடம் வந்தது. அவர் அடித்ததை கோல்கீப்பர் அகின்ஃபீவ் தடுத்துவிட்டார். பந்து திரும்பி அவரிடமே வந்தது. இரண்டாவது முறை தவறவில்லை. வேல்ஸுக்காக அவர் அடித்த முதல் கோல் அது, ஒரே கோலும் அதுதான். வேல்ஸ் 3-0 என்று வென்று பிரிவில் முதலிடம் பிடித்தது. பிறகு கால் இறுதியில் பெல்ஜியத்தை 3-1 என்று வீழ்த்தி, அரையிறுதியில் போர்ச்சுகலிடம் தோற்று வெளியேறியது.

அந்த கோலுக்குப் பிறகு இந்தியப் பத்திரிகைகள் டெய்லரைக் கண்டுபிடித்தன. கொல்கத்தா தாயின் மகன், வங்காள ரத்தம் என்று செய்திகள் வந்தன. தவறில்லை. ஆனால் ரெக்ஸத்தில் ஆடிய காலத்திலும் அம்மா அதே கொல்கத்தாக்காரர்தானே?

டப்ளின் இரவு

2017 மார்ச் 24, டப்ளின். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அயர்லாந்துடன் ஆட்டம். டெய்லர் பந்துக்காகப் பாய்ந்தார். பந்து போய்விட்டது. அவர் கால் அயர்லாந்து கேப்டன் சீமஸ் கோல்மனின் காலில் இறங்கி, இரண்டு எலும்புகள் உடைந்தன. சிவப்பு அட்டை. இரண்டு ஆட்டங்களுக்குத் தடை. கோல்மன் மறுபடி ஆடவந்தது 2018 ஜனவரியில்.

அது கெட்ட ஆட்டம். அதற்குச் சமாதானம் கிடையாது. தன் கணுக்கால் உடைந்து மாதக்கணக்கில் கிடந்தவருக்கு, இன்னொருவர் கால் உடைவது என்னவென்று தெரியாமல் இருந்திருக்காது. கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. டூலூஸில் ஓடி வந்த "நம்ம பையன்" என்ற சொல் டப்ளினில் காணாமல் போய்விட்டது. அங்கே அவர் வெறும் வேல்ஸ் வீரர். கணக்குப் புத்தகத்தில் வரவை மட்டும் நம் பெயரில் எழுதிவிட்டு, செலவை அடுத்தவர் பெயரில் தள்ளுவதுபோல!

அந்த வருடம் ஜனவரியில்தான் அவர் ஆஸ்டன் வில்லாவுக்கு மாறியிருந்தார். அங்கே 2019-இல் டெர்பியை 2-1 என்று வென்று வில்லா பிரீமியர் லீக்குக்குத் திரும்பிய வெம்பிளி இறுதி ஆட்டத்தில் இடது பின்களத்தில் ஆடியவர் டெய்லர். எட்டு வருடத்துக்கு முன் வெளியே இருந்தபடி பார்த்த அதே மாதிரி ஆட்டம், இந்த முறை மைதானத்துக்குள்ளே. பிறகு மிடில்ஸ்பரோவில் ஒரு சீசன். 2022-இல் 33 வயதில் ஓய்வை அறிவித்தார்.

இந்தியாவுக்கு ஆடியிருக்க முடியுமா?

பலரும் கேட்கிற கேள்வி. ஃபிஃபா விதிப்படி தாய் அல்லது தந்தை பிறந்த நாட்டுடன் ஒரு வீரருக்கு உறவு உண்டு. ஆனால் அந்த நாட்டுக் குடியுரிமையும் வேண்டும். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 2008 முதல் இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர்கள் நாட்டின் சார்பில் ஆட முடியாது என்பது அரசின் கொள்கை. ஆக, டெய்லர் பிரிட்டிஷ் குடியுரிமையைத் துறந்திருக்க வேண்டும். 21 வயதில் பிறந்த ஊரின் அணி கூப்பிடும்போது எத்தனை பேர் அதைச் செய்வார்கள்?

பாகிஸ்தான் அப்படி இல்லை. பர்மிங்காமில் பிறந்து ஃபுல்ஹாமில் ஆடிய பின்கள வீரர் ஸெஷ் ரஹ்மான் பாகிஸ்தானுக்காகவும் ஆடினார். நியூகாசிலில் பிறந்த முன்கள வீரர் மைக்கேல் சோப்ரா இந்தியாவுக்கு ஆட ஆசைப்பட்டார், கடவுச்சீட்டு குறுக்கே நின்றது. ஜப்பானியக் குடியுரிமையை விட்டுவிட்டு 2013-இல் இந்திய அணியில் ஆடினார் இசுமி அராத்தா. ஆஸ்திரேலியாவில் பிறந்த ரயன் வில்லியம்ஸ் 2025-இல் அதே வழியில் இந்தியக் குடிமகன் ஆனார். அவர்கள் செய்தது பெரிய தியாகம். அதற்காக அதைச் செய்யாதவரைக் குறை சொல்ல முடியாது.

பிரிட்டனில் இன்னொரு பக்கக் கதையும் உண்டு. 1936-இலேயே கொல்கத்தாவிலிருந்து போன முகமது சலீம், கால்களில் துணி சுற்றிக்கொண்டு ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்கு ஆடினார். அதன் பின் இத்தனை வருடங்களில், லட்சக்கணக்கான தெற்காசியர்கள் அந்த நாட்டில் வாழ்ந்தும், மேல்மட்டக் கால்பந்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தப் பையன்கள் படிப்புக்குத்தான் லாயக்கு, கிரிக்கெட்டுக்குத்தான் லாயக்கு என்ற எண்ணம் தேர்வாளர்களிடம் இருந்ததாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அந்த நிலையில் ஒருவர் பத்து வருடத்துக்கு மேல் மேல்மட்டத்தில் தாக்குப்பிடித்தது சின்ன விஷயம் இல்லை.

இப்போது அதே வட வேல்ஸில் வளர்ந்த இன்னொரு பையன் வந்திருக்கிறார். பெயர் விமல் யோகநாதன், நடுக்கள வீரர். பெற்றோர் இலங்கைத் தமிழர்கள். 2024-இல் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கிளப்பின் முதல் அணியில் இறங்கினார். வேல்ஸ் இளையோர் அணிகளிலும் ஆடியிருக்கிறார். இந்த முறை "நம்ம பையன்" என்று சொல்லப்போவது நாம்தான். தாராளமாகச் சொல்லலாம். அவர் கோல் அடிக்கும் நாளில் சொல்வதை, சிவப்பு அட்டை வாங்கும் நாளிலும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.