தமிழகத்தில் திராட்சரசம்: ஒரு வரலாற்று நோக்கு

திருமறையில் திராட்சக்கொடியைப் பற்றிய பகுதிகளை விளக்க முற்படும் போதகர், தம் சபையார் அக்கொடியை எவ்வாறு அறிந்திருக்கின்றனர் என்பதை முதற்கண் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாலஸ்தீன நாட்டில் தானியம், திராட்சரசம், எண்ணெய் ஆகிய மூன்றும் உழவனின் விளைச்சல். உபாகமம் 11ஆம் அதிகாரம் அவற்றை ஒருசேரவே எண்ணுகிறது. தஞ்சை நாட்டு உழவனுக்கோ நெல்லே அனைத்தும். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கற் களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. அது 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். அக்களஞ்சியம் நெல்லுக்கானது, திராட்ச ஆலை இந்நாட்டு வாழ்வில் இடம் பெறவில்லை.

ஆயினும் திராட்சமதுவைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'பெரிப்ளுஸ்' என்னும் கிரேக்க நூல், முசிறித் துறையில் இறங்கிய சரக்குகளுள் அதனையும் குறிப்பிட்டு, அதன் அளவு மிகுதியன்று என்கிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், ஆம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அவற்றுள் கோஸ் தீவின் சாடிகளும் இத்தாலியின் கம்பானியாப் பகுதிச் சாடிகளும் உண்டெனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. கம்பானியா வெசூவியஸ் எரிமலையின் அடிவாரம். களிமண்ணில் கலந்த எரிமலைக் கருமணலே அச்சாடிகளை இனங்காட்டுகிறது. ரோமாபுரிக்குச் செல்லும் வழியில் பவுல் அப்போஸ்தலர் கரையிறங்கிய புத்தேயோலியும் அப்பகுதித் துறைமுகமே என்பது நம் கருத்துக்குரியது.

இம்மதுவை இங்கு அருந்தியோர் யாவர்? பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொணர்ந்த மதுவை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி அவனுக்கு ஊட்டுவதாகக் காட்டுகிறார். பாலஸ்தீனத்தில் உழவன் வீட்டுப் பொருளாயிருந்தது, தமிழகத்தில் அரசனின் ஆடம்பரப் பொருளாயிற்று.

பின்னர், 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் டேனியர் தரங்கம்பாடியைப் பெற்றனர். 1706இல் சீகன்பால்கும் புளூட்சோவும் அங்கு வந்திறங்கினர். திருவிருந்துக்கு வேண்டிய கோதுமையும் திராட்சரசமும் காவிரிப்படுகையில் விளையாத பொருள்கள். ஆகவே கர்த்தருடைய பந்தியின் கிண்ணம், தொடக்கத்தில் நம் மக்களின் கண்ணுக்குக் கடல்கடந்து வந்த ஒன்றாகவே தோன்றியிருத்தல் கூடும்.

இந்நிலையை மாற்றியது கம்பம் பள்ளத்தாக்கு. பன்னீர் திராட்சையைப் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் 1832இல் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்று சொல்லப்படுகிறது. கிழக்கே திருப்பப்பட்ட பெரியாற்று நீர் 1895 முதல் அப்பள்ளத்தாக்கின் வழியே பாய்கிறது. இன்று சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களில் பந்தல்தோறும் கருஞ்சிவப்புக் குலைகள் தொங்குகின்றன. உண்பதற்கும் சாற்றுக்கும் செம்மதுவுக்கும் அப்பழம் பயன்படும். 2023இல் அது புவிசார் குறியீடு பெற்றது. அரசர்க்குரியதாயிருந்த கனி, தமிழ் உழவனின் கையால் விளையும் கனியாயிற்று.

இதனால் திருமறை விளக்கத்திற்கும் நற்பயன் உண்டு. யோவான் 15ஆம் அதிகாரத்தில் கனிகொடுக்கும் கொடிக்குத் தோட்டக்காரர் செய்வதை நம் மொழிபெயர்ப்பு 'சுத்தம்பண்ணுதல்' என்கிறது. நெல் நாட்டார் இதனைக் கழுவித் தூய்மையாக்குதல் என்றே கொள்வர். கம்பத்து உழவரோ அதனைக் 'கவாத்து' என்பர். பாலஸ்தீனத்தில் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும்; கம்பத்திலோ அது உறங்குவதில்லை. கவாத்து செய்தால்தான் புதுத்தளிரும் குலையும் தோன்றும். எனவே அங்கே ஆண்டில் இருமுறையேனும் கத்தி கொடியின்மேல் விழுகிறது. அக்கத்தி காய்ந்த கொடிக்கு அன்று, கனி தரும் கொடிக்கே உரியது. பாடுகளின் நடுவே, 'எனக்கு ஏன் இது?' என வினவும் விசுவாசிக்கு இவ்விளக்கம் ஆறுதலாகும். ஆதலின் காவிரிப்படுகையில் ஊழியஞ்செய்யும் போதகர், இப்பகுதியைப் போதிக்குமுன் ஒருமுறை கம்பம் சென்று, கவாத்து நாளில் தோட்டத்தில் நின்று பார்த்துவருதல் நலம்.