நன்னடத்தைச் சான்றிதழும் ஆயுத உதவியும்

ஓர் அரசாங்கம் தன் நாட்டில் மூண்ட ஆயுதக் கிளர்ச்சியை அடக்க முயல்கிறது. துப்பாக்கியும் பயிற்சியும் பணமும் தந்து உதவ ஒரு பெரிய நாடு முன்வருகிறது. உதவி பெறும் படை கிளர்ச்சிக்காரரோடு மட்டும் பொருதுமானால் கேள்வி எழாது. அதே படை உழவரையும் பாதிரிமாரையும் பச்சிளங் குழந்தைகளையும் கொல்லத் தொடங்கினால், உதவி தந்த நாட்டின் கடமை யாது? உதவியை நிறுத்தினால் நட்பு அரசு வீழக்கூடும். நிறுத்தாவிட்டால் பழியிலே பங்கு சேரும். இந்த இக்கட்டிலே சிக்கிய நாடுகள் பல. அவற்றின் வரலாறுகளுள் மிகத் தெளிவாகப் பதிவாகியிருப்பது, 1980 முதல் 1992 வரை எல் சால்வடோர் நாட்டில் நிகழ்ந்தது. அதைப்பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

பள்ளிக்கூடத்திலே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். பள்ளியை விட்டு நீங்கும் மாணவனுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தருவது தலைமையாசிரியரின் கடமைகளுள் ஒன்று. அதில் எழுதப்படுவது பெரும்பாலும் ஒரே சொல்தான்: 'நன்று'. அச்சொல்லின் மதிப்பு, எழுதுகிறவர் எதனைக் கண்டு எழுதினார் என்பதைப் பொறுத்தது. எல் சால்வடோரின் வரலாறும் ஒருவகையில் அத்தகைய சான்றிதழ் ஒன்றின் வரலாறே.

நடு அமெரிக்காவில், பசிபிக் கடலோரத்தில், ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய நாடு அது. காப்பிப் பயிரே அதன் செல்வம். நிலமோ மிகச் சில குடும்பங்களின் கையில் இருந்தது. 1932-ஆம் ஆண்டு உழவர் கிளர்ந்தெழுந்தபோது இராணுவம் பல்லாயிரவரைக் கொன்று குவித்தது. அதன்பின் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் படைத்தலைவர்களே ஆண்டனர். 1972-லும் 1977-லும் நடந்த தேர்தல்களில் முறைகேடுகள் மலிந்தன. வாக்குச்சீட்டின்மேல் நம்பிக்கை இழந்த இளைஞர் சிலர் துப்பாக்கியை நாடினர். கிளர்ச்சிக் குழுக்கள் 1980 அக்டோபரில் ஒன்றுகூடி, ஃபாராபுந்தோ மார்த்தி தேசிய விடுதலை முன்னணி என்னும் அமைப்பை நிறுவின.

இதற்கிடையே அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் ஒரு மாறுதல் நேர்ந்தது. மனித உரிமைகளைத் தொடர்ந்து மீறும் அரசுகளுக்குப் படை உதவி தரலாகாது என்ற கொள்கை 1970-களின் நடுவில் அந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. 1977-இல் பதவியேற்ற ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அக்கொள்கையை வலியுறுத்தினார். அமெரிக்கா தன் உள்நாட்டு விவகாரத்தை மதிப்பிடுவதா என்று சினந்த எல் சால்வடோர் அரசு, அவ்வாண்டே அதன் படை உதவியை மறுத்துவிட்டது. ஆனால் 1979 ஜூலையில் அண்டை நாடாகிய நிகராகுவாவில் கிளர்ச்சிக்காரர் ஆட்சியைக் கைப்பற்றினர். அடுத்தது எல் சால்வடோரோ என்ற அச்சம் வாஷிங்டனைப் பற்றிக்கொண்டது. 1979 அக்டோபரில் சீர்திருத்தம் வேண்டிய இளம் அதிகாரிகள் எல் சால்வடோரின் பழைய ஆட்சியைக் கவிழ்த்தபோது, உதவியின் கதவு மீண்டும் திறந்தது. அச்சமும் கொள்கையும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்தன.

தலைநகரின் பேராயராக இருந்தவர் ஆஸ்கார் ரொமேரோ. அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பேருரைகளை நாடு முழுவதும் வானொலி வழியே மக்கள் கேட்டு வந்தனர். 1980 பிப்ரவரியில் அவர் கார்ட்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏறத்தாழ 57 இலட்சம் டாலர் மதிப்புள்ள படைக் கருவிகளை அனுப்ப அப்போது ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அவ்வுதவி, தம் உரிமைக்காகப் போராடும் மக்கள்மீது நடக்கும் கொடுமையை மேலும் கூர்மையாக்கும். ஆதலின் அதனை அனுப்பலாகாது என்பது அக்கடிதத்தின் சாரம். மார்ச் 23-ஆம் நாள், மக்களைக் கொல்லுமாறு இடப்படும் கட்டளைக்குப் பணிய வேண்டா என்று போர்வீரரை நோக்கி அவர் வேண்டினார். மறுநாள் மாலை, மருத்துவமனைச் சிற்றாலயம் ஒன்றில் வழிபாடு நடத்துகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உதவி நிற்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 2-ஆம் நாள் அமெரிக்கத் திருச்சபைப் பெண்மணியர் நால்வரைத் தேசியக் காவற்படையினர் கெடுத்துக் கொன்றனர். கார்ட்டர் உடனே உதவியை நிறுத்தினார். 1981 ஜனவரி 10-ஆம் நாள் கிளர்ச்சிக்காரர் பெருந்தாக்குதல் ஒன்றைத் தொடங்கினர். ஒரு வாரத்திற்குள் உதவி மீண்டும் தொடங்கிற்று. இம்முறை கொல்படைக் கலங்களும் சேர்ந்தே சென்றன. குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டமையால் நேர்ந்த மாற்றமன்று இது. போர்க்களம் சூடேறியமையால் நேர்ந்தது. உதவி பெற்ற படைத்தலைவர்கள் இதிலிருந்து என்ன பாடம் கற்றிருப்பர் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்து வந்த ரீகன் அரசாங்கம் உதவியைப் பெருக்கியது. அமெரிக்கக் காங்கிரஸ் கவலையுற்று, 1981 டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றிற்று. எல் சால்வடோர் அரசு மனித உரிமையைக் காக்க உறுதியான முயற்சி செய்கிறது. தன் படைகளைக் கட்டுக்குள் கொணர்ந்து வருகிறது. நிலச் சீர்திருத்தத்தில் முன்னேறுகிறது. தேர்தல் நடத்த உறுதி பூண்டுள்ளது என்று ஜனாதிபதி சான்றளிக்க வேண்டும். முதற் சான்று முப்பது நாளில். பின்னர் 180 நாளுக்கு ஒருமுறை. சான்று இன்றேல் படை உதவி இல்லை. படிக்கும்போது இது நல்ல சட்டமாகவே தோன்றும்.

அச்சட்டம் நிறைவேறிக்கொண்டிருந்த அதே டிசம்பரில், மொரசான் மாவட்டத்து மலைப்பகுதியில் எல் மொசோட்டே என்னும் சிற்றூருக்குள் அட்லகாட்டில் என்ற படைப்பிரிவு நுழைந்தது. அமெரிக்கப் பயிற்சியாளரால் உருவாக்கப்பட்ட விரைவுப் படை அது. அங்கிருந்தவர் சண்டையிட்டவர் அல்லர். ஆடவரைத் தனியே, மகளிரைத் தனியே, குழந்தைகளைத் தனியே பிரித்து டிசம்பர் 11-ஆம் நாள் கொன்றனர். அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்து இறந்தவர் தொகை ஆயிரத்தை நெருங்கும். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் சிறுவர். கணவனையும் நான்கு பிள்ளைகளையும் பறிகொடுத்த ருஃபினா அமாயா என்னும் பெண்மணி, மரங்களிடையே ஒளிந்து தப்பி, நடந்ததை உலகுக்கு உரைத்தார்.

1982 ஜனவரி 27-ஆம் நாள் நியூயார்க், வாஷிங்டன் நகரங்களின் இரு பெரும் நாளிதழ்கள், தம் நிருபர்கள் நேரிற்கண்டு எழுதிய செய்தியை முதற்பக்கத்தில் வெளியிட்டன. மறுநாள், ஜனவரி 28-ஆம் நாள், ஜனாதிபதி ரீகன் முதற் சான்றிதழில் ஒப்பமிட்டார். சான்று அளித்த பின்னரே தூதரக அதிகாரிகள் இருவர் அம்மலைப்பகுதிக்குச் சென்றனர். போர்ச் சூழலால் அந்த ஊரை அவர்களால் எட்ட முடியவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில், படுகொலையை உறுதிப்படுத்தும் ஆதாரம் கிடைக்கவில்லை என்று காங்கிரஸ் குழுவின்முன் அரசாங்கம் கூறிற்று. ஊருக்குள் செல்லாதவர்க்கு ஆதாரம் எவ்வாறு கிடைக்கும்?

ஆறு திங்களுக்கு ஒருமுறையாக இச்சான்று மொத்தம் நான்கு முறை தரப்பட்டது. 1983 நவம்பரில் அச்சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் தரவில்லை. சான்றிதழ் முறையும் முடிந்தது.

அரசாங்கத்தார் பக்கத்து நியாயத்தையும் கூறுதல் முறை. உதவியை அறவே நிறுத்தினால், படைக்குள் இருக்கும் நல்லவரின் கை தளர்ந்து, கொடியவரின் கை ஓங்கும். நாம் உள்ளே இருந்தால்தான் திருத்த முடியும் என்று அவர்கள் வாதிட்டனர். கிளர்ச்சிக்காரரும் குற்றமற்றவர் அல்லர். ஊராட்சித் தலைவர்களை அவர்கள் கொன்றனர். 1985 ஜூனில் தலைநகர உணவுவிடுதி ஒன்றில் அமெரிக்கக் கடற்படை வீரர் நால்வரோடு பொதுமக்களையும் சுட்டு வீழ்த்தினர். ஆகவே அந்த வாதத்தைப் பொய் என்று ஒதுக்க முடியாது. ஆயினும், திருத்துவதற்காக உள்ளே இருப்பவன் திருத்தினானா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. காவலுக்கு இட்ட வேலியே பயிரை மேய்ந்தால், வேலிக்கு மேலும் மேலும் கம்பி வாங்கித் தருவது காவலாகாது.

திருத்தம் நேர்ந்த தருணங்களும் சில உண்டு. அவையே இந்த வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை.

முதலாவது, 1983 டிசம்பரில் உதவி ஜனாதிபதியாக இருந்த ஜார்ஜ் புஷ் எல் சால்வடோருக்கே சென்று, கொலைக் குழுக்களோடு தொடர்புடைய குறிப்பிட்ட அதிகாரிகளை அகற்ற வேண்டும் என்று, காலக்கெடுவும் விதித்துப் படைத்தலைவர்களிடம் நேரிற் கூறினார். அடுத்த திங்கள்களில் கொலைக் குழுக்களின் கொலைகள் குறைந்தன.

இரண்டாவது, நால்வர் கொலை வழக்கில் தீர்ப்புக் கிடைக்கும்வரை படை உதவியில் நூற்றுக்கு 30 பங்கைத் தரலாகாது என்று காங்கிரஸ் தடுத்து வைத்தது. மூன்றரை ஆண்டுகள் நகராதிருந்த வழக்கு நகர்ந்தது. 1984 மே 24-ஆம் நாள் காவற்படையினர் ஐவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. கட்டளையிட்ட மேலோர் அப்போது தப்பினர் என்பது உண்மையே. எனினும் நீதிமன்றத்தின் கதவு முதன்முறையாகத் திறந்தது.

மூன்றாவது, 1989 நவம்பர் 16-ஆம் நாள், தலைநகரப் பல்கலைக்கழகத்தில் ஏசுசபைக் குருமார் அறுவரையும், சமையல் வேலை செய்த பெண்மணியையும், அவர் மகளையும் அதே அட்லகாட்டில் படையினர் சுட்டுக் கொன்றனர். காங்கிரஸ் உறுப்பினர் ஜோ மோக்லி தலைமையிலான குழு, அரசாங்கத்தின் சொல்லை நம்பியிராமல் தானே விசாரித்தது. 1990-இல் காங்கிரஸ் படை உதவியில் பாதியை நிறுத்திற்று. அந்த நிபந்தனை இருபுறமும் கூருடையது: அரசு சமாதானப் பேச்சை முறித்தாலோ விசாரணையைக் கெடுத்தாலோ மீதிப் பாதியும் போகும், கிளர்ச்சிக்காரர் பேச்சை முறித்தாலோ பொதுமக்களைத் தாக்கினாலோ முழு உதவியும் திரும்பும். 1991 ஜனவரியில் வீழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து உயிர்தப்பிய அமெரிக்க வீரரைக் கிளர்ச்சிக்காரர் கொன்றபோது, நிறுத்திய உதவியை விடுவிப்பதாக ஜனாதிபதி அறிவித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் குருமார் கொலைக்காகக் கர்னல் ஒருவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. பனிப்போர் தணிந்ததும், ஐக்கிய நாடுகள் சபை நடுநின்றதும், இருதரப்பும் களைத்ததும் இவற்றோடு கூடின. 1992 ஜனவரி 16-ஆம் நாள் மெக்ஸிகோ நகரத்துச் சாபுல்டெபெக் மாளிகையில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று.

நான்கு சான்றிதழ்களால் ஆகாதது இந்த மூன்று நிபந்தனைகளால் ஓரளவேனும் ஆனது ஏன்? ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் எங்களுக்குக் கற்பித்த விதி ஒன்று உண்டு. இரண்டு தேர்வாளர் தனித்தனியே திருத்தினாலும் ஒரே மதிப்பெண் விழுமாறு வினாவை அமைக்க வேண்டும் என்பதே அது. "முன்னேற்றம் தெரிகிறதா?" என்பது தளர்ந்த வினா. விரும்புகிறவர் கண்ணுக்கு எப்போதும் முன்னேற்றம் தெரியும். "தீர்ப்பு வந்துவிட்டதா?" என்பது இறுகிய வினா. அதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள். மேலும், சான்றிதழை எழுதியவர் உதவியைத் தந்தே தீர வேண்டும் என்று முன்னரே முடிவு செய்தவர். தன் மாணவனுக்குத் தானே வினா எழுதி, தானே விடை திருத்தி, தேர்ச்சி விகிதத்தையும் தானே அறிவித்தால் அப்பள்ளியில் தோற்பவர் யார்? மோக்லியின் குழுவோ வேறு தேர்வாளர். வேறுபாடு அங்கேதான்.

உடன்படிக்கையின் பயனாக அமைந்த உண்மை ஆணையம் 1993 மார்ச்சில் தன் அறிக்கையை வெளியிட்டது. பன்னிரண்டு ஆண்டுப் போரில் மாண்டவர் ஏறத்தாழ 75,000 பேர். ஆணையத்திற்கு வந்த முறையீடுகள் 22,000-க்கு மேற்பட்டவை. அவற்றுள் நூற்றுக்கு 85 பங்கு, அரசின் படைகளையும் அவற்றோடு சேர்ந்த குழுக்களையும் குற்றஞ்சாட்டின. கிளர்ச்சிக்காரரைக் குற்றஞ்சாட்டியவை ஏறத்தாழ 5 பங்கு. அறிக்கை வெளிவந்த சில நாளிலேயே பொதுமன்னிப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதனை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ய 2016-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

எல் மொசோட்டேயில் தேவாலயத்தை அடுத்திருந்த சிறு கட்டடத்தின் இடிபாட்டை 1992-இல் அர்ஜென்டினா நாட்டு அறிஞர் தோண்டினர். குறைந்தது 143 பேரின் எலும்புகள் வெளிவந்தன. அவருள் 131 பேர் பன்னிரண்டு வயது நிரம்பாத குழந்தைகள். அங்கே தோட்டா உறைகளும் கிடந்தன. முத்திரை தெளிவாகத் தெரிந்த 184 உறைகளும் மிசூரி மாநிலத்தில், அமெரிக்க அரசாங்கத்திற்காகச் செய்யப்பட்டவை.

இந்த அனுபவங்களின் பின்னர், 1997-இல், செனட்டர் லீஹியின் பெயரால் வழங்கும் விதி பிறந்தது. கொடிய மீறல் செய்ததாக நம்பத்தக்க சான்றுள்ள படைப்பிரிவுக்கு உதவி தரலாகாது என்பது அதன் கருத்து. நாட்டை மொத்தமாக எடையிடாமல் படைப்பிரிவைத் தனித்தனியே நோக்குவது அதன் சிறப்பு. ஆனால் நோக்குகிறவர் அங்கும் உதவி தரும் அரசாங்கத்தாரே. வினாத்தாள் திருந்தியிருக்கிறது, தேர்வாளர் மாறவில்லை.

கிளர்ச்சியால் அல்லலுறும் நட்பு நாட்டுக்கு உதவுவது தவறு என்று நான் கூறவரவில்லை. பிறர் கையில் ஆயுதம் தருகிறவன், அது யார்மேல் பாய்ந்தது என்பதை அந்த ஊருக்குள் நடந்து சென்று பார்க்கக் கடமைப்பட்டவன். தான் போக இயலாதெனில், தனக்குக் கட்டுப்படாத ஒருவரை அனுப்பி, அவர் சொல்லும்வரை பேனாவை எடுக்காதிருக்க வேண்டும். 1982 ஜனவரி 28-ஆம் நாள் வேண்டியிருந்தது அந்தச் சிறிய பொறுமையே. அன்று அப்பொறுமை இருந்திருந்தால் எல் மொசோட்டேயின் குழந்தைகள் மீண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களைக் கொன்ற படைக்கு அடுத்த தவணை கேள்வியின்றிப் போயிருக்காது. ஏழாண்டு கழித்து அதே படை குருமாரின் இல்லத்துக் கதவை அத்தனை துணிவோடு உடைத்திருக்குமா என்பதும் ஐயமே.