கருப்பூர்ச் சேலை: கோலம் யாருடையது?

துறையூரும் உடையார்பாளையமும் பழைய திருச்சி ஜில்லாவின் இரண்டு பாளையங்கள். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஒரே நிர்வாகத்துக்குள் இருந்தவை. அந்த உடையார்பாளையம் சீமையில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது கோடாலிக் கருப்பூர். ஊர்ப் பெயர் சேலைக்கு நிலைத்துவிட்டது. ஆனால் அந்தச் சேலையின் வரலாறு மட்டும் தஞ்சை மராட்டிய அரண்மனையின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ராஜா உடுத்தினார், ராணி உடுத்தினார், மற்ற மராட்டிய அரச குடும்பங்களுக்குச் சீராகப் போனது என்பதாக. செய்தவன் எங்கே?

துணி முதலில், அலங்காரம் பிறகு என்கிற நமது வழக்கமான பிரிவினை இந்தச் சேலையிடம் செல்லாது. தறியிலேயே பருத்தி நூலுக்கிடையில் ஜரிகையைக் கோத்து, பூ வேண்டிய இடத்தில் மட்டும் பொன் தெரியும்படி நெய்தார்கள். பிறகு துணி எழுதுகிறவர் கைக்குப் போகும். அவர் மெழுகால் கோடிழுப்பார். சாயத்தில் முக்கினால் மெழுகு பட்ட இடம் வெளுப்பாக நிற்கும், மற்றதெல்லாம் சிவக்கும். சிவப்பு பிடிக்கப் படிகாரம், கடுக்காய். கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய தண்ணி. அலச ஆறு வேணும். இதில் கவனிக்க வேண்டியது, நெய்கிறவன் அடுத்தவன் கோடு எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்து நெய்ய வேண்டும் என்பது. இழை ரெண்டு தள்ளிப்போனா பூவும் கோடும் ஒட்டாது. கோலம் இருவருக்கிடையிலான ஓர் உடன்பாடாக இருந்தது. அதை 'கைத்திறன்' என்று சொல்லி மூளையை அரண்மனைக்குக் கொடுத்துவிடுவது நம் கலை விமர்சனத்தின் பழைய வழக்கம்.

1799இலேயே நாட்டைக் கம்பெனியிடம் விட்டுவிட்ட அரண்மனைதான் இதற்குப் பெரிய கிராக்கி. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் அரச பட்டமும் போயிற்று. 1868இல் ஜெர்மனியில் அலிசரின் செயற்கையாகத் தயாரானது. வேரிலிருந்து எடுத்த சிவப்பின் சந்தை சரிந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் சேலை மங்கிவிட்டது. பிறகு மீட்கும் முயற்சிகள் நடந்தன என்றாலும் பழைய கிராக்கி திரும்பவில்லை.

எழுதுகிறவர்கள் மட்டும் தப்பித்தார்கள், கோயில் வாங்கியதால். தேருக்குத் தொம்பை, விதானத் துணி, வாசமாலை. இதற்குத் தறியில் இழைத்த பொன் தேவையில்லை, சாதாக் காடாத்துணி போதும். ஆக அரண்மனை போனபோது உடன்பாட்டின் ஒரு பாதிக்கு வேறு எஜமானர் கிடைத்தார், மற்ற பாதிக்குக் கிடைக்கவில்லை.

2021இல் புவிசார் குறியீடு வந்தது. கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு. பொன்னிழைத்த சேலைக்கல்ல.